புகைக்கு மூலை கிடையாது

எங்கள் வீட்டுத் தயிரில் டீசல் வாசனை அடிக்கும் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தத் தயிரைப் பிசைந்து சாப்பிட்டவள் நான். தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குச் செருப்பு தேயாமல் நடந்து போகிற தூரத்தில், இரண்டாம் மாடியில், புத்தம் புது ஃபிளாட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் அந்த விலாசத்தைக் கேட்டாலே ஆபீஸில் எல்லோருக்கும் வாய் பிளக்கும். "உங்களுக்கென்ன மேடம், கீழே இறங்கினா கடைவீதி" என்பார்கள். கீழே இறங்க வேண்டியதே இல்லை, கடைவீதியே மேலே ஏறி எங்கள் மூக்குக்குள் வந்துவிடுகிறது என்று ஒருத்தருக்கும் நான் சொன்னதில்லை.

அதற்கு முன்னால் அந்த இடத்தில் மாமனாரின் தனி வீடு இருந்தது. அதை நினைத்து உருகப் போகிறேன் என்று யாரும் பயப்பட வேண்டாம். நாலு அறையில் மூன்று ஒழுகும். மழைக்காலத்தில் எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்பதே எனக்குப் பெரிய வேலை. அதனால் பிரமோட்டர் வந்து, கீழே இரண்டு தளம் கடை, மேலே இரண்டு தளம் வீடு, நிலத்துக்குப் பதிலாக உங்களுக்கு ஒரு ஃபிளாட் என்று சொன்னபோது வீட்டிலேயே முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான்.

"மழையில குடை எடுக்காம புடவை வாங்கலாம் மேடம்" என்றார் அவர். அப்போது அது எனக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த ஆளின் சஃபாரி சூட் காலரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட முடியாது. அவர் கொண்டுவந்த வரைபடத்தில் ஜெனரேட்டர் இருந்தது வடமேற்கு மூலையில், தெருவை ஒட்டி. அவரோடு வந்த சின்ன வயது இன்ஜினீயர் பென்சிலால் தொட்டுக் காட்டினார். "நம்ம ஊர்ல கடல் காத்து தென்கிழக்குலேருந்து வரும் சார். இங்க வெச்சா புகை அப்படியே தெருவுக்குப் போயிடும். வீடுங்களுக்கு வராது." அந்தப் பையனுக்கு இருந்த புத்தி எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் இல்லை.

மாமனார் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. ஆள் நல்லவர். ஆனால் மயிலாப்பூரிலிருந்து ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வராமல் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த மாட்டார். அந்த வாஸ்துக்காரர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். எரிகிற இயந்திரம் அக்னி. அக்னிக்கு உரிய இடம் தென்கிழக்கு. அதைக் கொண்டுபோய் வாயு மூலையில் வைத்தால் காற்றும் நெருப்பும் சேர்ந்து குடும்பம் பற்றிக்கொள்ளும்.

"அதெல்லாம் சாஸ்திரம். இன்ஜினீயருக்கு என்ன தெரியும்" என்றார் மாமனார், இன்ஜினீயர் எதிரிலேயே.

பிரமோட்டருக்கென்ன, எந்த மூலையாக இருந்தாலும் அவருக்குச் செலவு ஒன்றுதான். சரி என்றுவிட்டார். ஆக, ஜெனரேட்டர் தென்கிழக்கு மூலைக்குப் போயிற்று. சமையலறையும் அக்னிதானே, அதுவும் தென்கிழக்குதான். கீழே ஜெனரேட்டர், அதற்கு நேர் மேலே ஒவ்வொரு மாடியிலும் ஒரு சமையலறை. கடல் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்குள் வருமோ, அந்தப் பக்கத்திலேயே புகைக்குழாயை நட்டு வைத்தோம். காற்று வரட்டும் என்று அங்கே பெரிய ஜன்னல் வேறு. நான் அன்றைக்கு அந்தக் கூடத்தில்தான் இருந்தேன். காப்பி கொடுத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு இருந்தேன்.

குடிபோன முதல் கோடையிலேயே கதை ஆரம்பித்துவிட்டது. கீழே இரண்டு தளமும் ஒரே ஜவுளிக்கடை. முழுவதும் ஏசி. மத்தியானம் கரண்ட் போகும். போன அடுத்த நிமிஷம் அந்தச் சனியன் ஓர் உறுமல் உறுமிவிட்டுப் படபடவென்று அடிக்கும். தரை அதிரும். முதலில் ஒரு கறுப்பு மூச்சு, அப்புறம் விடாத சாம்பல் புகை. கடல் காற்று எழுகிற நேரமும் அதுதான். புகை நேராக எங்கள் சமையலறைக்குள் வந்து, கூடத்தைக் கடந்து, என் பெண் படிக்கிற அறையில் போய் நிற்கும். மொட்டை மாடியில் காய வைத்த வடாமில் கறுப்புப் பொடி. துவைத்துப் போட்ட வேட்டியில் கறுப்புப் பொடி. சமையல் மேடையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் விரலில் ஒட்டும். கீழே புடவை பார்க்கிறவர்களுக்குக் குளிர், எங்களுக்குப் புகை.

இதெல்லாம் போகட்டும், துடைத்துக்கொள்ளலாம். என் பெண்ணின் நெஞ்சைத் துடைக்க முடியாதே.

அவளுக்கு அப்போது எட்டு வயது. சின்ன வயதிலிருந்தே மார்கழிக் குளிரில் கொஞ்சம் இழுக்கும், தையில் சரியாகிவிடும். புது வீட்டுக்கு வந்தபின் கோடையிலும் இழுக்க ஆரம்பித்தது. ராயப்பேட்டையில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அவர் குழந்தையின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுல யாராவது சிகரெட் பிடிக்கறாங்களா?" என்றார்.

"இல்ல டாக்டர். கீழ கடை பிடிக்கறது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இந்தக் குழந்தையைப் புகையில் வைக்கவே கூடாது, மருந்தெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமனார், "இந்தக் காலத்து டாக்டர்கள் எல்லாத்துக்கும் பயமுறுத்துவா" என்றார். என் கணவர் பாங்கில் வேலை பார்ப்பவர், யாரோடும் சண்டை ஆகாது. "கரண்ட் போனா ஜன்னலைச் சாத்திக்கோயேன்" என்றார்.

"சாத்திண்டு எதை மூச்சு விடறது? உங்கப்பாவோட சாஸ்திரத்தையா?"

"மெதுவாப் பேசு, அவர் காதுல விழப்போறது."

விழட்டும் என்றுதான் பேசினேன். விழுந்தது. அப்புறம் ஒரு வாரம் அவர் என்னிடம் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை.

கடைக்காரரிடம் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மரியாதை. அந்த மரியாதைதான் என்னை அதிகமாக எரித்தது. "வாங்கம்மா, உக்காருங்க. அம்மாவுக்கு ஒரு காப்பி சொல்லுங்கப்பா" என்பார். நான் காப்பி குடிக்க வரவில்லை என்பேன். "பிள்ளைக்கு முடியலைன்னு கேட்டதும் மனசு கஷ்டமாப் போச்சும்மா. நம்ம வீட்டுப் பிள்ளைல்லா. நான் பாக்கேன்" என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மூன்று முறை போனேன், மூன்று காப்பி ஆறிப்போனது. நாலாவது முறை, "கரண்டு இல்லாட்டி யாவாரம் எப்படிம்மா ஓடும்? இடத்தைக் காட்டினது உங்க மாமனார்தானே. நானா வெச்சேன்?" என்றார், அதே மரியாதையோடு.

சரி, மாநகராட்சிக்கு மனு எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் ஆபீஸில் நான் இருந்தது கடிதப் பிரிவில். பொதுமக்கள் எழுதுகிற புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. ஆவன செய்யப்படும்.' தூக்கத்தில் எழுப்பினாலும் அதை எழுதிவிடுவேன். ஆகவே எந்த மாதிரி மனு கோப்பில் செத்துப்போகும், எந்த மாதிரி மனுவுக்கு ஆள் எழுந்து வருவார் என்பது எனக்குத் தெரியும். நீட்டக் கூடாது. அழக் கூடாது. நாள், நேரம், எத்தனை நிமிஷம் என்று போட வேண்டும். மேலதிகாரிக்கு நகல் அனுப்புவதாகக் கீழே ஒரு வரி போட வேண்டும். அந்தக் கடைசி வரிக்குத்தான் நாற்காலியில் இருப்பவர் பயப்படுவார்.

அப்படி எழுதிய மூன்றாவது மனுவுக்கு ஓர் அதிகாரி வந்தார். காலை பதினொரு மணி. மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. பின்பக்கம் போய் ஜெனரேட்டரைச் சுற்றி வந்து, மேலே வந்து ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார்.

"இப்ப புகை ஒண்ணும் இல்லையேம்மா."

"கரண்ட் இருக்கு சார். கரண்ட் போனாத்தான் வரும்."

"அப்ப கரண்ட் போனதும் ஆபீசுக்குப் போன் பண்ணுங்க."

நான் போன் செய்து, அவர் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் கரண்ட் வந்துவிடாதா? அந்தக் கேள்விக்கு அவர், "அது எங்க கையில இல்லம்மா" என்றார். இறங்கிப் போகும்போது ஜவுளிக்கடை வாசலில் அவருக்கும் காப்பி. அதை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். பத்து நாளில் பதில் வந்தது. 'நேரில் ஆய்வு செய்ததில் புகை ஏதும் காணப்படவில்லை.' சும்மா சொல்லக் கூடாது, என்னைவிட நன்றாக எழுதியிருந்தார்கள்.

அடுத்து ஃபிளாட்காரர்களின் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஜெனரேட்டரைத் தெருப்பக்க மூலைக்கு மாற்ற வேண்டும் என்று எழுந்து நின்று சொன்னேன். எல்லோர் வீட்டு ஜன்னலும் கறுத்துத்தான் இருந்தது, எல்லோர் வீட்டிலும் யாரோ இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த ஜெனரேட்டர்தான் லிஃப்டையும் தண்ணீர் மோட்டாரையும் ஓட்டியது. "லிஃப்ட் வேண்டாமா?" என்றார் ஒருவர். நான் நிறுத்தச் சொல்லவில்லை, நகர்த்தத்தானே சொல்கிறேன் என்றேன். உடனே மூன்றாம் மாடி மாமி, "இங்க வந்தப்புறம்தான் என் பொண்ணுக்கு வரன் குதிர்ந்தது. இருக்கறதை எதுக்குக் கலைக்கணும்?" என்றாள். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அக்னியை இடம் மாத்தினா குடும்பத்துல யாருக்காவது கண்டம்னு வாஸ்துக்காரர் அன்னிக்கே சொல்லியிருக்கார்."

"கண்டம் இப்பவே மாடியில மூச்சு விட முடியாம உக்காந்திருக்கா" என்றேன்.

ஆனால் கை தூக்கச் சொன்னபோது மாற்ற வேண்டாம் என்ற பக்கம்தான் கைகள் போயின. என் கணவரின் கை பாதி வரை எழுந்து, காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. எந்தப் பக்கத்துக்கு எழுந்தது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன்.

அப்போது எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகள். அதில் ஒன்றில்தான் அவள் இருந்தாள். புருஷன் பெயின்டர். கைக்குழந்தை ஒன்று, ஆண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் பெண்ணுக்கு இழுக்கிற நாட்களில் கேட்காமலே வெந்நீர் போட்டு வைப்பாள். "யம்மா, பாப்பாக்கு கற்பூரவல்லி கொண்டாந்துகிறேன். எங்க சந்துல செம்மையா வளந்து கீது. சாறு எடுத்து குடு" என்று ஒரு கொத்து இலையை மேடையில் வைப்பாள். அந்தக் கட்டடத்தில் என் பெண்ணுக்காக யாராவது ஏதாவது செய்தார்கள் என்றால் அவள்தான் செய்தாள்.

அடுத்த வருஷம், தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு நாள். ஆபீஸ் விட்டு ஐந்தரைக்கு வந்தேன். பஸ்ஸால் பனகல் பூங்காவைத் தாண்ட முடியவில்லை, அங்கேயே இறங்கி நடந்தேன். தி. நகர் தீபாவளிக் கூட்டத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் கேட்டுக்கு வரும்போதே டீசல் நாற்றம். பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றரைக்கே என் பெண் வந்திருப்பாள். மாமனார் உபன்யாசத்துக்குப் போயிருந்தார். கடையின் காவலாளியைக் கேட்டேன், எப்போதிலிருந்து கரண்ட் இல்லை என்று. "மூணு மணியிலேருந்து" என்றான்.

எப்படி மாடி ஏறினேன் என்று தெரியாது. கதவைத் திறந்தால் வீடு முழுக்க நீலப் புகை. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. அவள் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் டீப்பாயில் ஊன்றி, தோளை மேலே மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். உதடு நிறம் மாறியிருந்தது.

"அம்மா... ஜன்னல்... சாத்திட்டேன்" என்றாள். நாங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் குழந்தை செய்திருந்தாள். புகை உள்ளே வந்தபிறகு சாத்தியிருக்கிறாள்.

இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஒன்பது வயதுப் பெண், என் இடுப்புக்குக் கீழே அவள் கால் தொங்கியது. முனையில் நின்ற ஆட்டோக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்தக் கூட்டத்துல வண்டி நவுராதும்மா. நட, நட, நடந்தே போய்டு" என்றார். அவர் சொன்னது சரிதான். பூங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அது வரை கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போனேன். கை நிறையப் பையோடு வருகிறவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. ஒரு பையில் எங்கள் கீழ்க்கடையின் பெயர் இருந்தது. அந்தப் பையைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்திருப்பேன், கையில் குழந்தை இல்லாமல் இருந்திருந்தால்.

மூக்கிலும் வாயிலும் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தோள் இறங்கியது. அங்கே இருந்த டாக்டர் அம்மா என்னைத் தனியாக அழைத்து, "இன்னொரு தடவை ரெண்டு மணி நேரம் இப்படி விட்டா, இங்க வந்து சேரக்கூட நேரம் இருக்காதுங்க" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. சமையலறை ஜன்னலின் அடிக்கட்டையை ஒரு ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். துணி தார் பூசியதுபோல் ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பட்டுப் பிரிவில் தரையில் மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள், அதன்மேல்தான் புடவைகளைப் பிரித்துப் போடுவார்கள். கல்யாணப் புடவை எடுக்க ஒரு பெரிய குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் நடுவில் போய் அந்த வெள்ளை விரிப்பில் துணியை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்தேன். என் விரல்களையும் அதிலேயே துடைத்தேன்.

"இது என் பொண்ணோட நெஞ்சுல இருக்கறது" என்று அந்தக் குடும்பத்தைப் பார்த்துச் சொன்னேன். "இந்தக் கடையில குளுகுளுன்னு இருக்கே, அதுக்காக மேல ஒரு குழந்தை நேத்திக்குச் சாகப் பாத்தது."

புடவை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் மெதுவாக எழுந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். கடைக்காரர் கல்லாவிலிருந்து ஓடி வந்தார். முதல் தடவையாக அவர் எனக்குக் காப்பி சொல்லவில்லை.

"என்ன செய்யச் சொல்லுதீங்க? இடத்தை மாத்த உங்க மாமனாரே ஒத்துக்க மாட்டேங்காரே."

அந்த வினாடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்ததை நினைத்து அன்றைக்கு எவ்வளவு பெருமை! ஜெனரேட்டர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். புகைக்குழாயை மட்டும் நீட்டுங்கள். பின்சுவரோடு மேற்கே கொண்டுபோய், கோடியில் மதிலுக்கு அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். ஒரு புடவைப் பெட்டி மூடியின் பின்னால் பேனாவால் கோடு போட்டே காட்டினேன்.

மாமனாரிடமும் நானே பேசினேன். "அக்னிக்குத்தான் மூலை சொல்லியிருக்கா. புகைக்கு மூலை கிடையாது. அக்னி அக்னி மூலையிலேயே இருக்கட்டும்" என்றேன். முந்தின நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து பேத்தியை அந்த முகமூடியோடு பார்த்திருந்தார். "அது சரிதான்" என்றார்.

மூன்றே நாளில் குழாய் போட்டுவிட்டார்கள். ஒன்றரை வருஷம் மனு எழுதியும் நடக்காதது ஒரு வெள்ளை விரிப்பு அழுக்கானதில் நடந்தது. மூன்றாம் மாடி மாமி என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "நீ கெட்டிக்காரிடி" என்றாள். எங்கள் ஜன்னலில் பொடி படிவது நின்றது. என் பெண்ணின் நெஞ்சில் இழுப்பு குறைந்தது, வைகாசிக்குள் அவள் மருந்தில்லாமல் மாடிப்படி ஏறினாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று இன்றைக்குச் சொன்னால் அது பொய். கோடு போடும்போதே அந்தக் கூரைகள் என் கண்ணில் நின்றன. அவர்கள் எந்நேரமும் வெளியிலேயேதானே இருக்கிறார்கள், கலைந்து போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குளிர்காலத்தில் கரண்ட்டும் அதிகம் போகவில்லை, காற்றும் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்தச் சந்து நினைவிலிருந்தே போயிற்று.

கோடை வந்தது. கடல் காற்று வந்தது. ஒருநாள் காலையில் பாத்திரம் தேய்க்கிற பெண் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் போகாமல் நின்றாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"யம்மா, நீ எழுதுனா கேக்குறாங்கல்ல. பாப்பாக்காக நீ எழுதித்தானே அந்தக் குழாயத் திருப்புனாங்க. இப்ப எங்க பக்கம் ஊதிக்கினு கீது. என் புள்ள ராவெல்லாம் இழுக்குது, பக்கத்து வூட்டுக் கெழவனும் இருமிக்கினே கெடக்குறான். நீ ஒரு மனு எழுதிக் குடு. நாங்க எழுதுனா எவன் படிப்பான்?"

தாளை வாங்கினேன். முழுத் தாள். அதன் கீழ்ப்பாதியில் மூன்று கையெழுத்து, ஐந்து கைநாட்டு. சந்தில் உள்ள எட்டு வீட்டிலும் வாங்கியிருந்தாள். மேல்பாதி வெறுமையாக இருந்தது. என்ன எழுதுவேன் என்று கேட்காமல், படித்துக் காட்டு என்றுகூடச் சொல்லாமல் அத்தனை பேரும் கீழே கையெழுத்து வைத்திருந்தார்கள்.

அவள் சந்தில் என்மேல் கோபமே இல்லை. வந்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். சண்டை போட எனக்கு நன்றாக வரும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தாளில் என்ன எழுத வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு வரியும் தெரியும். நாள், நேரம், எத்தனை நிமிஷம், மேலதிகாரிக்கு நகல். நான் எழுதினால் ஆள் வருவார் என்பதும் தெரியும். வந்தால் குழாயை எந்தப் பக்கம் திருப்புவார்கள் என்பதும் தெரியும். உள்ளே என் பெண் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு எழுதித் தரேன்" என்றேன்.

மறுநாள் ஆபீஸில் வேலை என்றேன். அதற்கு அடுத்த வாரம் தலைவலி என்றேன். இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. தாளைத் திருப்பித் தா என்றும் கேட்கவில்லை. ஆடி பிறந்ததும் கடையில் தள்ளுபடி விற்பனை, நாள் முழுக்க ஜெனரேட்டர். அந்த மாதத்தில் குழந்தையைக் கொண்டுபோய் ஈக்காட்டுத்தாங்கலில் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்ப்பாள். மற்ற ஆறு நாளும் காலை ஆறரைக்கு வந்து என் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பாள். தேய்த்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, கிளம்புவதற்கு முன்னால் கேட்பாள்.

"பாப்பா நைட்டு நல்லா தூங்குச்சாம்மா?"

"தூங்கினா" என்று சொல்வேன்.